சோளகமும் முகத்துக் கடியும்

முகத்தில் எக்ஸிமா என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், அனுபவப்பட்ட தோல் வைத்தியர் கன்னத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துண்டு எழுதமாட்டார். காதை முன்பக்கம் மடித்துப் பின்புறத்தைப் பார்ப்பார். நாடியை நிமிர்த்தச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். கண்ணை மூடச் சொல்லி மேல் இமையின் மடிப்பைப் பார்ப்பார். வெயில் நேராக விழாத இடங்கள் இவை. இவை மூன்றும் சுத்தமாக இருந்து, நெற்றியும் கன்னமேடும் மூக்கும் மட்டும் சிவந்திருந்தால் சந்தேகம் வெயில்மேல் போகும். இந்த மறைவிடங்களும் சேர்ந்து தடித்திருந்தால், வெயில் நுழையாத இடத்துக்குள் நுழையக்கூடியது காற்றுத்தான். அப்போது காற்றோடு வந்தது என்ன என்று தேடவேண்டும்.

பளையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியில் யாழ்ப்பாணப் பக்கம் போனால், தென்னந்தோட்டங்களுக்கு மேலால் காற்றாலைகளின் வெள்ளை இறக்கைகள் தெரியும். ஒருபக்கம் கிளாலிக் கடல்நீரேரி, மறுபக்கம் சற்றுத் தள்ளிப் பெருங்கடல், நடுவில் ஒடுங்கிய நிலம். வைகாசியில் சோளகம் பிடித்தால் புரட்டாதி வரை விடாது. அந்த மாதங்களில் மணலும் உப்பும் காய்ந்த சருகுத் தூளும் வியர்த்த முகத்தில்தான் வந்து ஒட்டும். புலோப்பளையில் தோட்டம் செய்பவருக்கும், இயக்கச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் ஆசிரியைக்கும், முகமாலையில் முகமூடித் தடுப்புக்குள் வியர்த்தபடி கண்ணிவெடி தேடும் பெண்ணுக்கும் முகத்தில் கடி வரலாம். மூவருக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மூவரும் ஒரே பாமசியில் ஒரே கிறீமை வாங்கிப் பூசுவது வழக்கமாக நடக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

முதலில் காற்றோடு வருவதைப் பார்ப்போம். வடக்கில் இதற்குப் பெயர்போன குற்றவாளி பார்த்தீனியம். வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. இந்தியாவில் 1956இல் புனேயில் பதிவானது. கோதுமை இறக்குமதியோடு வந்தது என்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அதே புனேயில் விவசாயிகளின் முகமும் கழுத்தும் தடித்துக் கறுத்து, சிங்கமுகம்போல மடிப்பு விழுந்த நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். 1974இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று அதை உலகுக்குச் சொன்னது. இலங்கைக்கு இது 1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதிப்படை இங்கே நின்ற காலத்தில், அவர்களுக்கென்று வந்த ஆடுகளோடும் சரக்குகளோடும் வந்து சேர்ந்தது என்பதே பரவலான விளக்கம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் காலூன்றி, சனம் இடம்பெயர்ந்து தரிசாய்க் கிடந்த காணிகளில் தடையில்லாமல் பெருகியது. வடக்கு மாகாண சபை இயங்கிய 2013–2018 காலத்தில் அதன் விவசாய அமைச்சு இதை ஒழிக்க ஓர் இயக்கமே நடத்தியது. செடி இன்னும் இருக்கிறது. ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேல் விதை போடும்.

பார்த்தீனியத்தின் இலையிலும் தண்டிலும் நுண்ணிய மயிர்கள் உண்டு. அவற்றில் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டதும் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் டி-செல்கள் அந்தக் கலவையை அந்நியன் என்று பதிந்துவைத்துக்கொள்கின்றன. இந்தப் பதிவு ஒரே நாளில் நடப்பதில்லை. வருடக்கணக்காகக் களை பிடுங்கியவருக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கும். பிறகு ஒரு பருவத்தில் திடீரெனப் பிடிக்கும். "இத்தனை காலமும் இதுக்குள்ளதானே நிண்டனான், அப்ப வராதது இப்ப ஏன் வருது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிவு முடிந்தபின் கொஞ்சத் தூசு போதும், செடியைத் தொடவே வேண்டாம். காய்ந்து செத்த செடியின் தூளும் அதே வேலையைச் செய்யும். இதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்தியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். கோயில் மாலை கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆகவே மழை முடிந்து செடி முளைத்ததும், பூக்குமுன், கையுறை போட்டு ஈர மண்ணில் வேரோடு பிடுங்குவதே நல்லது. ஏற்கெனவே முகத்தில் கடி உள்ளவர் அந்த வேலைக்குப் போகக்கூடாது. வீட்டில் வேறு ஆளைப் பிடியுங்கள். பற்றையோடு சேர்த்து எரிப்பதும் வேண்டாம். தரிசு நிலத்தில் நூற்றுக்கு 15 முதல் 20 வீத உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்று இந்தியக் களை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆனையிறவு உப்பளத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் பளைக்கு இது வசதியான யோசனைதான், பயிர் செய்யும் மண்ணில் மட்டும் வேண்டாம். தோட்டத்தால் வந்ததும் முகத்தையும் கழுத்தையும் கழுவி, உடுப்பை மாற்றி, அந்த உடுப்பைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் இருந்தாலே பலருக்குப் பாதிச் சுகம். தலையில் கட்டும் துவாயையும் தினம் தோய்க்கவேண்டும். வியர்வை துடைக்க அதே துவாயைத்தானே எடுக்கிறோம்.

காற்றால் வராத எக்ஸிமாக்களுக்கும் முகத்தில் தனித்தனி இடம் உண்டு. புருவத்துக்குள்ளும், மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பிலும், காதுக்குப் பின்னாலும் எண்ணெய்ப்பசையோடு மஞ்சளாய்ப் பொருக்கு எழும்பினால் அது செபோரிக் வகை. தலையில் பொடுகும் கூடவே இருக்கும். நம் எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு அதில் பங்குண்டு. பூஞ்சை மருந்து கலந்த ஷாம்புவும் கிறீமும் அதற்குப் போதும். இமை மட்டும் வீங்கிக் கடித்தால் நகப்பூச்சைச் சந்தேகியுங்கள்: நகத்தில் ஒன்றும் தெரியாது, அந்த விரல் தொட்ட இமையில்தான் தெரியும். தலைமயிரோரமும் காதும் நெற்றியும் என்றால் மயிர்ச்சாயம். புருவ நடுவில் வட்டமாக என்றால் ஒட்டுப்பொட்டின் பசை. வாயைச் சுற்றி என்றால், பிள்ளைகளில் உதட்டை நக்கும் பழக்கம்.

சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் வந்து, கூடவே முட்டோ தும்மலோ இருக்கிறவர்களுக்கு முகத்தில் வருவது அட்டோபிக் எக்ஸிமா. இதன் அடி எங்கே என்பது 2006இல்தான் தெளிவாகத் தெரிந்தது. ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில், ஃபிலகிரின் என்ற புரதத்தின் மரபணுப் பழுதுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு அந்த ஆண்டு வெளியானது. நம் மேல்தோல் கிடுகு வேய்ந்த கூரைபோல: செத்துத் தட்டையான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையில் கொழுப்பு நிரம்பியிருக்கும். ஃபிலகிரின் குறைந்தால் அந்த அடுக்கு இறுக்கமாக அமையாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசும் கிருமியும் சவர்க்காரமும் உள்ளே வரும். உடலின் காவல் அங்கே ஓடிவந்து சண்டை பிடிக்கும். சிவப்பும் கடியும் அந்தச் சண்டைதான். ஃபிலகிரின் பழுது எல்லோரிடமும் இல்லை; இருக்கிற எல்லோருக்கும் எக்ஸிமா வருவதும் இல்லை. ஆனால் இதனால் ஒன்று உறுதியானது: இரத்தம் கெட்டதால் வருவது, அழுக்கால் வருவது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. தொற்றவும் செய்யாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்கும், அதைவிட முக்கியமாக அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் இதை யாராவது சொல்லவேண்டும்.

இனி அந்தக் கிறீம். பாமசியில் நடப்பது பெரும்பாலும் இப்படி:

"தம்பி, முகம் சரியாக் கடிக்குது. பூசுறதுக்கு ஏதும் நல்லதா இருந்தாத் தாருமன்."

"இதைப் பூசிப் பாருங்கோ அக்கா. ரெண்டு நாளில மாறும்."

மாறும், சொன்னபடியே. அந்தக் குழாயில் இருப்பது பீட்டாமெதசோன் அல்லது குளோபெட்டசோல்: வலுவான ஸ்டீரொயிட். அழற்சியை அடக்குவதில் ஸ்டீரொயிட்டுக்கு நிகரில்லை. 1952இல் அமெரிக்காவில் சல்ஸ்பேர்கரும் விட்டனும் ஹைட்ரோகோர்ட்டிசோனைத் தோலில் பூசிப் பார்த்து அது வேலை செய்கிறது என்று எழுதியபோது தோல் மருத்துவமே திசை மாறியது. அதற்குப் பிறகு வந்தவை அதைவிடப் பலமடங்கு வலுவானவை. உள்ளங்கையின் தடித்த தோலுக்கும் பாதத்துக்கும் அவை தேவை. முகத்தின் கதை வேறு. 1967இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோன் உடலின் எந்தெந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தை 1 என்று வைத்தால், நெற்றியில் அது 6. தாடையோரத்தில் 13. கையில் பூசிப் பழகிய அதே அளவை, அதே குழாயிலிருந்து தாடையில் பூசுகிறவர் பதின்மூன்று மடங்கு மருந்தைத் தோலுக்குள் அனுப்புகிறார்.

சில கிழமை போனால் தோல் மெலியும். அடியில் ஓடும் நுண் இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். வாயைச் சுற்றியும் கன்னத்திலும் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும், பெண்களுக்கு மீசை மயிர் கூடும். கிறீமை நிறுத்தினால் இரண்டு நாளில் முகம் நெருப்பாய் எரியும். அதைப் பழைய எக்ஸிமா திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடியும் பூசுவார்கள், மறுபடியும் அடங்கும். இப்படியே வருடங்கள் ஓடும். இப்போது அவர் பூசிக்கொண்டிருப்பது எக்ஸிமாவுக்கு இல்லை, கிறீம் செய்த நோய்க்கு. இந்தியாவில் இது எவ்வளவு பெருகியதென்றால், தோல் வைத்தியர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டீரொயிட் பழுதாக்கிய முகம்' என்று தனிப்பெயரே வைத்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். 2018இல் அங்கே பதினான்கு ஸ்டீரொயிட் கிறீம்களை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசு வர்த்தமானியில் அறிவித்தது. கண்ணைச் சுற்றிப் பூசினால் ஆபத்து இன்னும் கூட: கண்ணின் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம்.

இதில் வெள்ளையாகும் கிறீமும் வந்து கலக்கிறது. கலியாணம் பேசும் வயதில் பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது என்று லேபல் ஒழுங்காக இல்லாத டப்பாவை வாங்கிப் பூசுவது எங்கள் ஊர்களில் சாதாரணம். அவற்றில் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும், சிலவற்றில் பாதரசமே இருக்கும். எக்ஸிமா ஆறியபின் அங்கே தோன்றும் கருமை, அழற்சியின் அடையாளம். கடி மறுபடி வராமல் இருந்தால் மாதங்களில் தானாகவே மங்கும். அதைத் தேய்த்து அழிக்கப் போய்ப் புதிதாக ஒன்றைக் கிளப்பிக்கொள்வதை நான் முட்டாள்தனம் என்றே சொல்வேன். ஆனால் அதைச் செய்கிற பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது எதை என்று அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஸ்டீரொயிட் என்றாலே பயந்து ஒதுக்குவதும் தவறு. முகத்துக்கு 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் போன்ற மெல்லியது, சில நாட்களுக்கு, வைத்தியர் சொன்னபடி என்றால் பாதுகாப்பானது. சண்டையை வேளையோடு அடக்காமல் விட்டால் சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போகும். அளவுக்கு ஒரு நல்ல கணக்கு 1991இல் பிரித்தானிய வைத்தியர்கள் கொடுத்தது: வளர்ந்தவரின் ஆட்காட்டி விரலின் கடைசிக் கணுவளவு நீளத்துக்குப் பிதுக்கிய கிறீம் ஏறக்குறைய அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு அப்படி இரண்டரை போதும். இமைக்கும் நீண்டகாலத்துக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. 1984இல் ஜப்பானின் சுகுபாவில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து பிறந்த மருந்து அது. தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் பூசிய இடம் எரியும்; பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாமல் பூசினால் அந்த எரிவு குறைந்துவிடும்.

மருந்தைவிடக் கூடுதல் வேலை செய்வது தினப்படி ஒழுங்கு. சவர்க்காரக் கட்டியின் காரத்தன்மை 9, 10 என்ற பி.எச். அளவில் நிற்கும், தோலுக்குப் பிடித்தது 5க்குக் கிட்ட. கடி உள்ள முகத்துக்குச் சவர்க்காரம் தேவையே இல்லை, வெறும் தண்ணீர் அல்லது மணமில்லாத மென்மையான கழுவி போதும். எங்கள் கிணறுகளில் உவரும் கல்சியமும் கூடிய தண்ணீரைத்தான் பலர் காரணம் சொல்வார்கள். இங்கிலாந்தில் 336 பிள்ளைகளை வைத்து, வீட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் பொறியைப் பொருத்திப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. எக்ஸிமா அதனால் குறையவில்லை. ஆகவே போத்தல் தண்ணீரில் முகம் கழுவிக் காசைக் கரைக்கவேண்டாம். உவர் தண்ணீரில் சவர்க்காரம் சரியாகக் கழுவுப்படாமல் தோலில் தங்கும் என்பது மட்டும் உண்மை. அதற்கும் மருந்து சவர்க்காரத்தைக் குறைப்பதுதான். கழுவியதும் துவாயால் தேய்க்காமல் ஒற்றி, முகத்தில் ஈரம் இருக்கும்போதே பூச்சைப் பூசவேண்டும்.

எதைப் பூசுவது? பளையில் தேங்காய்க்கு என்ன குறை. செக்கில் ஆட்டிய சுத்தமான எண்ணெய் பல வீடுகளில் இருக்கும். பிலிப்பைன்ஸில் அட்டோபிக் எக்ஸிமா உள்ள பிள்ளைகளிடம் சூடாக்காமல் எடுத்த தேங்காயெண்ணெயையும் கனிம எண்ணெயையும் எட்டு வாரம் ஒப்பிட்ட ஆய்வில் தேங்காயெண்ணெயே நன்றாகச் செய்தது. தோலில் குடியேறும் ஸ்டபிலோகோக்கஸ் கிருமியையும் அது குறைக்கிறது. ஆனால் புருவத்திலும் மூக்கோரத்திலும் வரும் செபோரிக் வகைக்கு அதே எண்ணெய் பகை. மலசீசியா கொழுப்பமிலங்களைத் தின்று வளரும் பூஞ்சை. கனடாவிலிருந்து பார்சலில் வரும் ஒலிவ் எண்ணெயை முகத்துக்குப் பூசவேண்டாம், அது தோலின் கொழுப்படுக்கைக் குலைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் வசலின், மலிவானது, எல்லாப் பாமசியிலும் கிடைப்பது. இரவில் அதைப் பூசிக்கொண்டு படுக்கலாம். பகலில் வெக்கைக்கு அது ஒத்துவராது. வியர்க்கும், கடி கூடும். பகலுக்கு மணமில்லாத மெல்லிய கிறீமும் ஒரு குடையும். வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சம்புளி எல்லாம் வெடித்த முகத்தில் எரிவைக் கூட்டும். மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, அங்கே முறையாகப் படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். சித்தம் வேண்டுமென்றால் அங்கே போங்கள். பெட்டிக்கடையில் பெயரில்லாத போத்தலில் விற்பது சித்தம் ஆகாது.

அடுத்தது கிரந்தி. முகத்தில் ஒரு பொட்டுச் சிவந்தாலே வீட்டில் பட்டியல் தொடங்கிவிடும்: கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கணவாய் கிரந்தி, அன்னாசி கிரந்தி. கிளாலி இறாலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அதைத் தொடாமல் வாழும் ஆட்கள் இருக்கிறார்கள். இறால் தின்ற அரை மணிக்குள் உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, உதடு வீங்கினால் அது உண்மையான ஒவ்வாமை, அவர் இறாலைத் தொடவே கூடாது. அப்படி ஒன்றும் நடக்காதவருக்கு இறாலை நிறுத்துவதால் முகத்து எக்ஸிமா மாறுவதில்லை. கடும் எக்ஸிமா உள்ள சில கைக்குழந்தைகளுக்கு முட்டையோ பாலோ காரணமாகலாம். அதையும் வைத்தியரோடு பேசித்தான் நிறுத்தவேண்டும். வளரும் பிள்ளைக்கு முட்டை, பால், மீன் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தி, கடியும் மாறாமல் பிள்ளையும் மெலிந்து போனதைப் பார்த்தால் வயிறெரியும்.

இரவில்தான் கடி கூடும். நகத்தை வெட்டி வைப்பதும், ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துச் சூட்டைத் தணிப்பதும், பிள்ளைகள் கண்ணைக் கசக்காமல் பார்ப்பதும் சின்னக் காரியங்கள் இல்லை. வருடக்கணக்காகக் கசக்கினால் கண்ணின் கருவிழி கூம்பிப் பார்வை கெடும். ஆனால் சில அறிகுறிகளுக்குக் காலை வரை காத்திருக்கக்கூடாது. எக்ஸிமா உள்ள முகத்தில் திடீரென ஒரே அளவான கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, கடியைவிட நோவு கூடி, காய்ச்சலும் வந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ் ஏறியதாக இருக்கலாம். கண்ணுக்குக் கிட்ட என்றால் இன்னும் அவசரம். தேன்நிறப் பொருக்கும் சீழும் என்றால் கிருமித் தொற்று. பளை வைத்தியசாலையில் காட்டினால், தேவைப்பட்டால் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ துண்டு தருவார்கள்.

தோல் கிளினிக்குக்குப் போகும்போது இதுவரை பூசிய எல்லாக் குழாயையும் டப்பாவையும், நாட்டு எண்ணெய்ப் போத்தலையும், முகப்பவுடரையும், மயிர்ச்சாயப் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வெட்கப்படவேண்டாம், அவர்கள் இதைவிட மோசமான பைகளைப் பார்த்தவர்கள். ஒட்டுப் பரிசோதனை செய்யச் சொன்னால், முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாகச் சந்தேகப் பொருட்களை ஒட்டிவிடுவார்கள். 48 மணித்தியாலம் அப்படியே இருக்கவேண்டும்: குளிக்கக்கூடாது, வியர்க்கும் வேலை கூடாது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து இன்னொருமுறையும் பார்ப்பார்கள். சில ஒவ்வாமைகள் அந்த இரண்டாம் பார்வையில்தான் தெரியும். ஆகவே ஏ9இல் பஸ் ஏறி இரண்டாம் முறையும் போகத்தான் வேண்டும். சோளகக் காலமென்றால் யன்னலோரத்தில் இருக்காதீர்கள்.